46 வயதில் இவ்வளவு மறதி... அம்மாவுக்கு வந்த நோய்தான் எனக்குமா?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 46 வயது. மதுரையில் கோயில் பக்கம் பூக்கடை வைத்திருக்கிறோம். வீட்டுக்காரருக்கு முதுகு வலி வந்ததிலிருந்து ஐந்து வருஷமாக நான்தான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டிவிஎஸ் எக்ஸ்எல்-லில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ எடுத்து வருகிறேன். கடை மூடிச் சமைத்து முடித்துப் படுக்கப் பதினோரு மணி ஆகிவிடும். மத்தியானம் ஒரு மணி நேரம் கண்ணசருவேன். இந்தத் தூக்கம் எனக்குப் பழகிவிட்டது, அசதியெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் ஆறேழு மாதமாக மறதி பாடாய்ப் படுத்துகிறது. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை மீதி கொடுத்துவிட்டேன். கல்யாண மாலை ஆர்டர் ஒன்றைச் சுத்தமாக மறந்துவிட்டேன். யார் யார் எவ்வளவு பாக்கி என்பது முன்பெல்லாம் விரல் நுனியில் இருக்கும், இப்போது குழம்புகிறது. முகூர்த்தமே இல்லாத நாளில், விலை ஏறிக் கிடந்தபோது எட்டுக் கிலோ மல்லி எடுத்துப் பாதிக்கு மேல் வீணானது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறேன். என் அம்மாவுக்கு 72 வயதில் மறதி நோய் வந்து, கடைசியில் என்னையே யார் என்று கேட்டார். எனக்கும் அதுதான் ஆரம்பிக்கிறதா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா? படுத்தால் கணக்கெல்லாம் மண்டையில் ஓடுவதால் மூன்று மாதமாக மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கி அரை மாத்திரை போடுகிறேன். தும்மலுக்குச் சளி மாத்திரையும், பிரஷருக்கு மாத்திரையும் உண்டு. பயங்கரமாகக் குறட்டை விடுவதாகவும், சில நேரம் மூச்சு நின்று திணறி எழுவதாகவும் மகள் சொல்கிறாள். வல்லாரை மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

இடம் கருதி உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறோம். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். எந்தக் கிழமை, எந்த வாடிக்கையாளருக்கு, எத்தனை ரூபாயை இரண்டாம் முறை கொடுத்தீர்கள் என்பதுவரை அதில் இருக்கிறது. மாலையை மறந்த அன்று பெண்ணின் சித்தப்பா என்ன சொல்லித் திட்டினார் என்பதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் எனக்கு அங்கேயே கிடைத்துவிட்டது. தான் எதையெல்லாம் மறந்தோம் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்பவரிடம் அல்சைமர் போன்ற நோயை நாங்கள் முதலில் சந்தேகிப்பதில்லை.

அந்த நோய் உள்ளவர் கிளினிக்குக்கு வந்தால், குறையைச் சொல்வது பெரும்பாலும் கூட வந்த மகனோ மகளோதான். "என்னம்மா பண்ணுது, எவ்வளவு நாளா?" என்று அவரிடம் கேட்டால், சட்டென்று மகள் பக்கம் தலையைத் திருப்புவார், பதிலை அவள் சொல்லட்டும் என்று. நரம்பியல் மருத்துவர்கள் இந்தத் தலைதிருப்பலை ஓர் அறிகுறியாகவே கவனிக்கிறோம். பல வருஷம் போய்வந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது, ஐந்து நிமிஷம் முன்பு கேட்ட கேள்வியைக் கேட்ட நினைப்பே இல்லாமல் திரும்பக் கேட்பது, நாள் தவறாமல் கட்டிய சரத்தை அடுத்து எப்படிக் கட்டுவது என்று நாரைப் பிடித்தபடி கை நின்றுபோவது, இவைதான் என்னைக் கவலைப்பட வைக்கும். உங்கள் நான்கு பக்கத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நோய் வந்தது 72 வயதில். பெற்றோருக்கு முதுமையில் வரும் மறதி நோய் பிள்ளைகளுக்கான வாய்ப்பை ஓரளவு கூட்டும், அவ்வளவுதான். வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. நாற்பதுகளிலேயே தாக்கும் பரம்பரை வகை ஒன்று உண்டு. அது மிக அரிது. அப்படிப்பட்ட குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இளவயதிலேயே வந்துகொண்டிருக்கும். உங்கள் குடும்பக் கதை அது இல்லை.

ஆகவே அந்தப் பயத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். என்னை உறுத்துவது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி. "இந்தத் தூக்கம் எனக்குப் பழகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

இரவில் மூன்று மணி நேரம், மதியம் ஒன்று, ஆக நான்கு. 18 முதல் 60 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது 2015-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ நிபுணர்கள் ஆய்வுகளையெல்லாம் அலசி எடுத்த முடிவு. நீங்கள் ஐந்து வருஷமாக அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டித் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இது உடம்புக்குப் பழகுமா என்று நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆரோக்கியமான 48 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவை இரவில் 8 மணி நேரமும், இன்னொன்றை 6 மணி நேரமும், மற்றொன்றை 4 மணி நேரமும் படுக்க விட்டார்கள். இப்படி 14 நாள். பகலில் கவனத்தையும் நினைவையும் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் திறன் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போய், ஓரிரு இரவு பொட்டுக் கண் மூடாமல் விழித்திருந்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டது.

அதைவிட முக்கியமானது, அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னது. தூக்கக் கலக்கம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டபோது முதல் சில நாள் அதிகம் என்றார்கள். அப்புறம் அந்தப் புகார் பெரிதாக ஏறவே இல்லை. திறன் சரிந்துகொண்டே இருக்கிறது, ஆளுக்கோ "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்ற நினைப்பு. இந்தக் கடிதத்தில் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். தூக்கம் குறைந்த மூளைக்குத் தன் குறையை அளக்கும் திறனும் சேர்ந்தே குறைகிறது. அசதி தெரியவில்லை என்பதை நம்பாதீர்கள். உங்கள் கல்லாப்பெட்டி சொல்வதை நம்புங்கள்.

சரி, இந்த மறதி எந்த இடத்தில் நுழைகிறது? கடையிலேயே பார்ப்போம். விளக்கு வைக்கும் நேரம், கூட்டம். ஒருவர் 500 ரூபாய் நோட்டை நீட்டி இரண்டு முழம் மல்லி கேட்கிறார். அளந்து, நறுக்கி, இலையில் மடித்துக் கொடுக்கிறீர்கள். நோட்டைக் கல்லாவில் போட்டு மீதியை எண்ணிக் கொடுக்கிறீர்கள். அந்த இடத்தில் சில நொடி உங்கள் மூளை தூங்கிவிடுகிறது. கண் திறந்தே இருக்கும், பழகிய வேலை என்பதால் கையும் ஓடிக்கொண்டிருக்கும். இதை மைக்ரோஸ்லீப் என்கிறோம். அதைவிட நுட்பமாகவும் இது நடக்கலாம் என்று 2011-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துக் காட்டினார்கள். நெடுநேரம் விழித்திருந்த எலிகளின் மூளையில், எலி விழித்திருக்கும்போதே நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாகக் கண நேரம் அணைந்து எரிந்தன. அப்படி அணைந்த நேரத்தில் சர்க்கரை உருண்டையை எடுக்கப் போன கை தவறியது.

உங்களுக்கும் மீதி கொடுத்த அந்த நொடி மூளையில் பதியவே இல்லை. ஆள் இன்னும் எதிரே நின்றால், கொடுக்கவில்லை என்றுதான் தோன்றும். உள்ளே போன ஒன்று தொலைந்துபோவது வேறு, உள்ளேயே போகாதது வேறு. உங்களுடையதில் பெரும்பங்கு இரண்டாவது வகை என்பது என் கணிப்பு. இரண்டாவது வகைக்குத் தூக்கம்தான் முதல் மருந்து, அது பெரும்பாலும் மீளக்கூடியதும்கூட.

பாக்கிக் கணக்கு குழம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பகலில் நாம் கேட்பது, பார்ப்பது எல்லாம் முதலில் மூளையின் உட்பகுதியில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சின்ன உறுப்பின் துணையோடுதான் பதிகிறது. 1953-இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக ஓர் இளைஞருக்கு இரண்டு பக்கமும் அந்தப் பகுதியை அறுத்து எடுத்தார்கள். அதன் பிறகு நடந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. சின்ன வயசுச் சங்கதிகள் மட்டும் அப்படியே இருந்தன. பழைய நினைவு வேறு இடத்தில், மூளையின் மேற்பட்டையில், தங்குகிறது என்பது அதிலிருந்து புரிந்தது. அன்றன்று சிட்டையில் கிறுக்கியதை ராத்திரி உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவீர்களே, அந்த வேலையைத்தான் மூளை தூக்கத்தில் செய்கிறது. எலி ஒன்று பகலில் ஓடிய பாதையில் எந்த நரம்பணுக்கள் சேர்ந்து துடித்தனவோ, அவையே ஆழ்ந்த தூக்கத்தில் மறுபடி சேர்ந்து துடிப்பதை 1994-இல் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் பதிவு செய்தார்கள். மனிதர்களிடம் இந்த விஷயம் அதற்கும் முன்பே கண்ணில் பட்டது. 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களுக்குப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யக் கொடுத்துச் சோதித்தார்கள். படித்துவிட்டு விழித்திருந்தபோது மறந்ததைவிட, தூங்கி எழுந்தபோது மறந்தது மிகவும் குறைவு.

ஓர் இரவுத் தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக நான்கைந்து தடவை வந்துபோகும். ஆழ்ந்த தூக்கம் முன்பாதி இரவில் அதிகம். கனவுத் தூக்கம் பின்பாதியில் நீளும். நீங்கள் பதினொன்றுக்குப் படுத்து இரண்டுக்கு எழுவதால் முதல் இரண்டு சுற்று மட்டும்தான் கிடைக்கிறது. ஊரார் கனவு கண்டுகொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் மார்க்கெட்டில் பூ மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பின்பாதித் தூக்கத்துக்கு மனக் கொதிப்பை ஆற்றுவதில் பங்கு இருப்பதாகக் கருதுகிறோம். தூக்கம் கெட்ட மறுநாள் மூளையில் பயம், கோபம் சார்ந்த பகுதி கூடுதலாகத் துள்ளுவதும், அதை அடக்கி வைக்கும் முன்மூளையின் பிடி தளர்வதும் ஸ்கேன் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. வீட்டில் எரிந்து விழுகிறேன் என்று உங்களையே குற்றம் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அதில் உங்கள் குணத்தின் பங்கு எவ்வளவு என்பதைத் தூங்கி எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எட்டுக் கிலோ மல்லி விஷயத்தையும் நான் தூக்கக் குறைவின் கணக்கில்தான் சேர்க்கிறேன். 2007-இல் சிங்கப்பூரில் வினோத் வெங்கட்ராமன், மைக்கேல் சீ குழுவினர் இளைஞர்களை ஓர் இரவு விழித்திருக்கச் செய்து பணம் வைத்து விளையாடும் சோதனை ஒன்று நடத்தினார்கள். தூங்காத மூளை லாபம் வரும் என்று கூடுதலாக எதிர்பார்த்தது, நஷ்டம் வந்தபோது அது உறைக்க வேண்டிய அளவுக்கு உறைக்கவில்லை. வியாபாரிக்கு இதைவிட ஆபத்தான கூட்டு வேறு இல்லை. அதுவும் உடம்புக் கடிகாரத்தின்படி மனிதன் மந்தமாக இருக்கும் அதிகாலை நேரத்தில் நின்று கொள்முதல் செய்கிறீர்கள்.

இனி, போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன குறட்டைக்கு வருகிறேன். எனக்கு அதுதான் கடிதத்திலேயே பெரிய செய்தி. உரத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, ரத்த அழுத்தம், பகலில் மறதி, எரிச்சல். இவை ஒன்றாக வந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், ஸ்லீப் ஆப்னியா, இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. பத்து நொடி, இருபது நொடி, அதற்கு மேலும் காற்றுப் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி அரைகுறையாக விழித்து மூச்சை இழுக்கும். காலையில் இதில் எதுவும் நினைவிருக்காது. மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 5 முறை நடந்தாலே கவனிக்க வேண்டும், 30 முறை என்றால் நோய் தீவிரம். மணிக்கு முப்பது என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை தூக்கம் கலைகிறது. அப்படிப்பட்டவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கியவர் ஆகமாட்டார். இது பருத்த ஆண்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே இருக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. ஆனால் "அசதி, மறதி, தலைவலி" என்று அவர்கள் வருவதால் ரத்தசோகை, டென்ஷன் என்று மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

உங்கள் மகளிடம் ஒரு வேலை சொல்லுங்கள். நீங்கள் நன்றாகத் தூங்கும்போது போனில் பத்துப் பதினைந்து நிமிஷம் வீடியோ எடுக்கட்டும், மார்பும் முகமும் தெரியும்படி. குறட்டை திடீரென்று நின்று, அமைதியாகி, பிறகு பெரிய சத்தத்தோடு மூச்சு வருவது அதில் இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். எங்களுக்கு அது அரைமணி நேர விசாரணைக்குச் சமம். உறுதி செய்ய ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை உண்டு. பலருக்கு வீட்டிலேயே கருவியை மாட்டிக்கொண்டு செய்துவிட முடிகிறது. நோய் உறுதியானால் சீபேப் என்ற கருவி இருக்கிறது. மூக்கில் பொருந்தும் மாஸ்க் வழியே காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தியது, இன்றும் முதன்மைச் சிகிச்சை அதுதான். ஆரம்பத்தில் மாஸ்க் தொந்தரவாக இருக்கும். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பதும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும் உதவும்.

இப்போது அந்த அரை மாத்திரை. உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. டாக்டர் சீட்டில்லாமல் விற்கவே கூடாத மாத்திரையை எடுத்துக் கொடுத்தவர்மேல் இருக்கிறது. அல்பிரசோலம் போட்ட பிறகு நடப்பது நினைவில் பதிவதை அந்த மாத்திரையே கெடுக்கும். மறதிக்குப் பயந்து நீங்கள் தேடிய தூக்கத்துக்கு மறதி தரும் மாத்திரை. தொண்டைத் தசையைத் தளர்த்தி மூச்சுத் தடையைக் கூட்டவும் கூட்டும். மூன்று மணி நேரத்தில் எழுந்து வண்டி ஓட்டுகிறீர்களே, அப்போதும் அது ரத்தத்தில் இருக்கும். ஆனால் ஒன்று, இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் போட்டதைத் திடீரென்று விட்டால் படபடப்பு, தூக்கமே வராமை, சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து விட வேண்டும். தும்மலுக்குப் போடும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். அதில் குளோர்பெனிரமின் இருந்தால் அதுவும் மூளையை மந்தமாக்கும் வகைதான். மயக்கம் குறைவாகத் தரும் மாற்று மருந்துகள் இருக்கின்றன.

மருத்துவரிடம் போகும்போது தைராய்டுக்கு டிஎஸ்எச், வைட்டமின் பி12, சர்க்கரை, ஹீமோகுளோபின் இவற்றைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். மறதியோடு வரும் எளிய, சரிசெய்யக்கூடிய காரணங்கள் இவற்றில் ஒளிந்திருக்கும். மனச்சோர்வும் இதே முகத்தோடு வரும். எதிலும் பிடிப்பில்லாமல், காரணமில்லாமல் அழுகை வந்தால் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள். செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், நரம்பியல் பிரிவு இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

தூக்கத்துக்கு வருகிறேன். மார்க்கெட்டுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அது உங்கள் சோறு. ஏழு மணி நேரம் ஒரே நீட்டாகக் கிடைக்காது என்றால் இரண்டாகப் பிரித்தாவது எடுங்கள். இரவு எட்டரைக்குப் படுத்து இரண்டுக்கு எழுந்தால் ஐந்தரை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டரைவரை ஒன்றரை. ஆக ஏழு. இதற்கு இரவு ஏழரைக்கு மேல் கடையில் வீட்டுக்காரர் உட்கார வேண்டும். மூட்டை தூக்க முடியாதவருக்குக் கல்லாவில் உட்கார முடியும். ராத்திரிச் சமையலையும் யாராவது பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் பேச வேண்டிய பேச்சு இதுதான், இந்தப் பக்கத்தையே காட்டிப் பேசுங்கள். வாரத்தில் இரண்டு நாள், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, தெரிந்த கமிஷன் கடைக்குப் போனில் சொல்லிப் பூவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடச் செய்ய முடியுமா என்று பாருங்கள். கிலோவுக்கு நாலு காசு கூடப் போனாலும் போகட்டும். வாடிப்போன மல்லியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றும் பெரிதில்லை. அந்த இரண்டு நாளும் அதே எட்டரைக்குப் படுத்துக் காலைவரை தூங்குங்கள்.

மதியத் தூக்கத்துக்கு அறையை இருட்டாக்குங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள். காலை பத்து மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை டீயின் மிச்சம் படுக்கைவரை கூட வரும். படுத்ததும் ஓடும் கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. படுக்கும் முன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து நாளைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் தாளில் எழுதிவிடுங்கள். 2018-இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, அப்படி எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கிப்போனார்கள். இருபது நிமிஷமாகப் புரண்டும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது மறுபடி படுங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் தர வேண்டியது இத்தகைய பழக்கப் பயிற்சிச் சிகிச்சைதான் என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பும் பரிந்துரைத்தது.

தூக்கம் சீராகும்வரை நினைவை நம்பி வியாபாரம் செய்யாதீர்கள். வாங்கிய நோட்டை உடனே கல்லாவில் போடாமல் முன்னால் பலகையில் வைத்து, மீதி கொடுத்த பிறகே உள்ளே போடுங்கள். நோட்டு வெளியே இருந்தால் மீதி பாக்கி, உள்ளே போய்விட்டால் கொடுத்தாயிற்று. ஆர்டர் சொல்பவர் எதிரிலேயே நோட்டில் எழுதி அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். நாளைக்கு எத்தனை கிலோ, எந்த விலைவரை என்பதை முதல்நாள் மதியம் தூங்கி எழுந்த தெளிவில் எழுதி வையுங்கள். மார்க்கெட்டில் அந்தச் சீட்டைத் தாண்ட வேண்டாம்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் அளந்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 0.03. நீங்கள் வருஷக்கணக்கில் தூக்கம் குறைந்தவர், மாத்திரையும் போடுகிறவர், முன்னும் பின்னும் பூ மூட்டையோடு இருட்டில் ஓட்டுகிறீர்கள். மருத்துவரைப் பார்த்து முடிக்கும்வரை எக்ஸ்எல்-லை வீட்டில் நிறுத்திவிட்டு ஆட்டோவில் போங்கள். உங்களுக்கு நான் சொல்வதில் இது ஒன்றைத்தான் இன்றைக்கே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வல்லாரையைக் கீரையாகத் துவையல் அரைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். நான்கு மணி நேரத் தூக்கத்தை அது ஏழாக்காது. அதற்காக மாத்திரை டப்பா வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

தலை ஸ்கேன் இப்போது அவசியமில்லை. நேரில் சோதிக்கும் மருத்துவருக்கு வேறு சந்தேகம் வந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கை கால் செயலிழப்பது, இதற்குமுன் வந்திராத கடும் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் அது வேறு விஷயம், நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மற்றபடி, மாத்திரையை முறையாக விட்டு, மூச்சுத் தடைக்குச் சிகிச்சை எடுத்து, ஏழு மணி நேரத் தூக்கம் மூன்று மாதம் ஒழுங்காகக் கிடைத்த பிறகும் மறதி இதே அளவில் இருந்தால், அப்போது விரிவான நினைவாற்றல் சோதனையும் எம்ஆர்ஐ-யும் செய்து பார்க்கலாம். அப்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் மறந்தவற்றை நோட்டில் தேதி போட்டுக் குறித்து வருகிறீர்களே, அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.